நாய்க்குட்டி வளரும் வீட்டில் ஜேட் செடி வைக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை மாடித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில் இருக்கிறது. புதுமனை புகுவிழாவுக்கு வந்த உறவினர்கள் கோயம்புத்தூரிலிருந்து சதைப்பற்றுச் செடிகள் சிலவற்றைத் தொட்டியோடு பரிசாகக் கொடுத்துவிட்டுச் சென்றார்கள். அவற்றுள் பெரியது ஜேட். வீட்டுக்கு நல்லது என்று சொல்லிக் கொடுத்ததால் வாசலுக்கு உட்புறம், தரையிலேயே வைத்திருக்கிறோம்.

வீட்டில் லாப்ரடார் கலப்பில் ஒரு குட்டி வளர்கிறது. பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும் பருவம் என்பதால் கால்மிதி, விளக்குமாறு, செருப்பு என்று எது கிடைத்தாலும் கடிக்கிறது. ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து ஜேட் செடியின் இலைகள் உதிர்ந்து தரையில் உருள்கின்றன. நேற்று அதில் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வந்ததைப் பார்த்துப் பிடுங்கிப் போட்டோம். குட்டி வழக்கம்போல் ஓடியாடித் தின்கிறது.

இந்தச் செடி நாய்களுக்கு நஞ்சா? பரிசாக வந்த மற்றவை சோற்றுக் கற்றாழை, பாம்புத்தோல் போல் கோடு விழுந்த நீண்ட இலைச் செடி, செம்மஞ்சள் பூக்கள் கொத்தாகப் பூத்திருக்கும் ஒரு சிறிய தொட்டி ஆகியவை. அவை சன்னல் திட்டில் இருப்பதால் அவற்றைப் பற்றி எனக்கு அவ்வளவாகக் கவலையில்லை. ஜேட் பற்றி மட்டும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


வடகரப்பதி எழுதியது:

அக்கா, அமெரிக்காவில் விலங்கு நலத்துக்காக இயங்கும் ஏ.எஸ்.பி.சி.ஏ. அமைப்பு நாய், பூனைகளுக்கு ஆகாத செடிகளின் பட்டியல் ஒன்றை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் ஜேட் செடி நாய்களுக்கும் பூனைகளுக்கும் நஞ்சு என்று தெளிவாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. குட்டி ஏற்கெனவே அதன் இலையை வாயில் எடுத்துவிட்ட நிலையில் இனியும் யோசிக்க வேண்டியதில்லை. இன்றைக்கே அந்தத் தொட்டியை அப்புறப்படுத்திவிடுங்கள். செடி இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.


பொள்ளாச்சி நாற்றங்கால் எழுதியது:

வணக்கம். நான் பொள்ளாச்சிப் பக்கம் நாற்றங்கால் நடத்துகிறேன். தம்பி சொல்லும் பட்டியலில் இருக்கும் செடியும் நம் ஊரில் ஜேட் என்ற பெயரில் விற்கப்படும் செடியும் பெரும்பாலும் ஒன்றல்ல என்பதைத் தெரிவிக்கவே எழுதுகிறேன்.

அந்தப் பட்டியல் குறிப்பிடுவது கிராசுலா ஓவேட்டா என்ற செடி. கட்டைவிரல் அளவுக்கோ அதைவிடப் பெரியதாகவோ தடித்த, பளபளப்பான, முட்டை வடிவ இலைகள் அதற்கு இருக்கும். நல்ல வெயிலில் வைத்தால் இலையின் விளிம்பு சிவக்கும். தண்டும் சதைப்பிடிப்பாக, பருத்து, பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் நிற்கும். நம் நாற்றங்கால்களில் ஜேட் என்று சொல்லித் தருவதோ பெரும்பாலும் போர்ட்டுலகேரியா ஆஃப்ரா. இதன் இலை விரல் நகம் அளவுதான் இருக்கும், தண்டு செம்பழுப்பாகவும் மெல்லியதாகவும் இருக்கும், கிளைகள் பக்கவாட்டில் படரும். போன்சாய் செய்பவர்கள் விரும்பி வாங்குவது இதைத்தான். இரண்டுமே தென்னாப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவை. ஆனால் இரண்டாவதை அங்கே யானைகள் வயிறாரத் தின்கின்றன. மனிதர்களும் அதன் புளிப்பு இலையை உணவில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதை நஞ்சு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே முதலில் இலையின் அளவைச் சொல்லுங்கள் அம்மா. அதற்குப் பிறகு செடியைத் தூக்கிப் போடுவதா வேண்டாமா என்று பேசலாம். அடையாளம் காண்பதற்காக வாயில் போட்டுச் சுவைத்து மட்டும் பார்த்துவிடாதீர்கள்.


கொழிஞ்சாம்பாறை மாடித்தோட்டம் எழுதியது:

இலை கட்டைவிரலின் மேற்பகுதியைவிடச் சற்றுப் பெரியதாகவே இருக்கிறது. வெயில் படும் பக்கத்தில் விளிம்பு சிவந்திருக்கிறது. தண்டு பருத்து, வழுவழுப்பாக இருக்கிறது. அப்படியானால் இது தம்பி சொன்ன நஞ்சுச் செடிதானா?


சித்தூர் கால்நடை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

நீங்கள் விவரித்திருப்பது கிராசுலா ஓவேட்டாதான். அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் முதல் பதிவைப் படித்ததிலிருந்து என் மனம் ஜேட் செடியின் மேல் இல்லை, சன்னல் திட்டில் செம்மஞ்சளாகப் பூத்திருக்கும் அந்தச் சிறு தொட்டியின் மேல்தான் இருக்கிறது.

ஜேட் செடியைத் தின்ற நாய்க்கு வாந்தி வரலாம், சோர்ந்து படுத்துவிடலாம், நடக்கும்போது கால்கள் தடுமாறலாம், அரிதாக இதயத் துடிப்பு குறையலாம். இவற்றுக்குக் காரணமான நஞ்சுப் பொருள் எது என்பது இன்றுவரை உறுதியாகப் பிரித்தறியப்படவில்லை. ஒரு இலையை வாயில் கவ்வி, மெல்லுவதற்கு முன்பே இழந்துவிட்ட குட்டி, ஒரு நாள் கழித்தும் வழக்கம்போல் தின்று விளையாடுகிறது என்றால் அந்த இலையைக் குறித்து நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. செடியைக் குட்டிக்கு எட்டாத இடத்துக்கு மாற்றினால் போதும்.

இனி அந்தப் பூத்தொட்டிக்கு வருகிறேன். இலைகள் தடிமனாகவும் விளிம்பில் அலை போன்ற வெட்டுகளுடனும் இருந்து, நான்கு இதழ் கொண்ட சிறு பூக்கள் தட்டையான கொத்தாகப் பூத்திருக்குமானால் அது கலஞ்சோ. மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் பரவிய செடி. மஞ்சள், சிவப்பு, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் என்று பல நிறங்களில் பரிசுக் கடைகளிலும் நாற்றங்கால்களிலும் கிடைக்கிறது. அதில் இருப்பவை பூஃபாடையனொலைடுகள் என்ற வகையைச் சேர்ந்த நச்சுப் பொருள்கள். அரளியின் நஞ்சு இதயத்தை எந்த வழியில் தாக்குகிறதோ அதே வழியில் இவையும் தாக்குகின்றன. இதயத் தசையின் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றிக்கொள்ளும் இயக்கத்தைத் தடுத்து, துடிப்பின் ஒழுங்கையே குலைத்துவிடுகின்றன. செடியின் எல்லாப் பாகங்களிலும் நஞ்சு உண்டு, பூக்களில்தான் மிகுதி. குட்டிகளை முதலில் இழுப்பதும் உதிர்ந்து கிடக்கும் பூக்கள்தான் என்பதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் வெள்ளாடு, செம்மறியாடுகளுக்கு வரும் கிரிம்ப்சீக்டெ என்ற நோயைப் பற்றிக் கால்நடை மருத்துவம் படித்தவர்கள் அறிவார்கள். கலஞ்சோவும் அதன் உறவுச் செடிகளும் கொண்டுள்ள இதே வகை நஞ்சு ஆட்டின் உடலில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, நரம்புகளைப் பாதித்து, ஆடு முதுகு வளைந்து தலை தொங்கி நிற்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. அப்படி இறந்த ஆட்டின் இறைச்சியைத் தின்ற நாய்களுக்கும் நஞ்சேறியிருக்கிறது. செடியை நேரடியாகத் தின்னாத நாய்க்கே அந்த நிலை என்றால், பல் முளைக்கும் குட்டி இருக்கும் வீட்டில் அதைத் திட்டில் வைத்திருப்பது சரியல்ல. லாப்ரடார் கலப்புக் குட்டிக்கு இன்று எட்டாத திட்டு சில வாரங்களில் எட்டிவிடும். அதற்குள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்தப் பூக்களைத் தரைக்குக் கொண்டுவந்துவிடும்.

தயவுசெய்து அந்தத் தொட்டியை இன்றே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். ஜேட் செடிக்கு இத்தனை அவசரம் தேவையில்லை.


வடகரப்பதி எழுதியது:

டாக்டர் அம்மா, ஒரு ஐயம். ஜேட், கலஞ்சோ இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்று படித்தேன். அப்படியானால் அந்தக் குடும்பத்துச் செடிகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவதுதானே பாதுகாப்பு? ரோஜாப் பூவைப் போல் இலை அடுக்கிய செடி ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது.


சித்தூர் கால்நடை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

குடும்பத்தை வைத்து முடிவு செய்ய முடியாது தம்பி. ரோஜா அடுக்கு இலைகள் கொண்ட எச்சிவேரியாவும் அதே கிராசுலேசியே குடும்பம்தான், ஆனால் அது நாய்க்குத் தீங்கு செய்வதில்லை. கயிறு போல் தொங்கும் சீடம் மொர்கானியானமும் அப்படியே. கற்றாழையைப் போலவே தோன்றி, இலையில் வெள்ளைக் கோடுகள் கொண்ட ஹாவொர்த்தியாவும் தீங்கற்றது. ஆனால் அதற்கு நெருங்கிய உறவான சோற்றுக் கற்றாழை தீங்கானது. நீரைச் சேமித்து வைக்க இலையும் தண்டும் தடிப்பது வறண்ட நிலத்தில் பல குடும்பங்களைச் சேர்ந்த செடிகள் தனித்தனியாகக் கண்ட வழி. அதனால் சதைப்பற்றுச் செடிகள் பாதுகாப்பானவையா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. தொட்டி தொட்டியாகத்தான் கேட்க வேண்டும், தொட்டி தொட்டியாகத்தான் விடை சொல்ல முடியும்.

மொட்டை மாடிகளில் இப்போது பலர் விரும்பி வளர்க்கும் பாலைவன ரோஜா, அதாவது அடீனியம், அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் அதன் பாலை அம்பு முனையில் தடவி வேட்டையாடினார்கள். நாய் உலவும் மாடியில் அது தரையில் இருக்கக் கூடாது. முத்துமாலை போல் தொங்கும் செடியையும் விலக்குங்கள். நம் நண்பர் வீட்டிலிருக்கும் பாம்புத்தோல் இலைச் செடி, நம் ஊர் மருள் செடியின் இனத்தைச் சேர்ந்தது, வயிற்றைக் கெடுக்கும் சப்போனின் என்ற பொருளைக் கொண்டது. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இல்லை.


கோம்பை மலையடிவாரம் எழுதியது:

தேனி மாவட்டம் கோம்பையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய நாய் இனத்தை வளர்ப்பவன் என்பதால் இந்த உரையாடலைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இதுவரை எல்லோரும் வீட்டுக்குள் இருக்கும் தொட்டிகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எல்லைப்புறத்துத் தோட்டங்களில் வேலிக்கு நட்டிருக்கும் திருகுகள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று எண்ணுகிறேன், ஏனென்றால் இப்போது நகரத்தில் அதையே சிறு தொட்டியில் வைத்து அழகுச் செடியாக விற்கிறார்கள்.

எங்கள் நாய் ஒன்று கீரியை விரட்டிக்கொண்டு வேலிக்குள் பாய்ந்தது. கொம்புகள் ஒடிந்து பால் முகமெல்லாம் தெறித்தது. திரும்பி வந்தபோது ஒரு கண்ணைத் திறக்கவே இல்லை, முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தது. கிணற்று மேட்டில் வைத்துப் பிடித்து, குழாய் நீரை மெதுவாகக் கண்ணில் விட்டுக்கொண்டே இருந்தோம். மருத்துவரிடம் கொண்டு சென்றபோது, கண்ணின் கருவிழி வெந்திருக்கிறது என்றும், உடனே கழுவியதால்தான் பார்வை தப்பியது என்றும் சொன்னார். சொட்டு மருந்து விட்டு, தேய்க்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி அட்டை கட்டிப் பார்த்துக்கொண்டோம். பார்வை முழுமையாகத் திரும்பியது.

தொட்டியில் வைக்கும் முள்கிரீடச் செடியும் இதே இனம்தான், அதிலும் பால் வரும். இலையைக் கிள்ளினாலோ தண்டை ஒடித்தாலோ வெள்ளைப் பால் வடிந்தால் அந்தச் செடியை நாய்க்கு அருகில் வைக்காதீர்கள் என்பதே நாங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது.


சித்தூர் கால்நடை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

ஐயா செய்தது மிகச் சரியானது. கள்ளிப் பால் கண்ணில் பட்டால் 15 நிமிடங்களுக்குக் குறையாமல் தூய நீரால் கழுவ வேண்டும், அதற்குப் பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். கழுவுபவரும் தம் கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்தப் பால் மனிதக் கண்ணையும் அதே போல் புண்ணாக்கும்.

பால் வடிந்தால் விலக்கு என்பது நல்ல விதி. ஆனால் பால் வடியாவிட்டால் பாதுகாப்பு என்று அதைத் திருப்பிப் படித்துவிடக் கூடாது. கலஞ்சோவை ஒடித்தால் வெறும் நீர்தான் கசியும்.


செங்கோட்டை வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மருத்துவர் அம்மாவின் அறிவுக்கு மதிப்புக் கொடுத்தே ஒரு மாற்றுக் கருத்தை வைக்கிறேன். கலஞ்சோ இனத்தைச் சேர்ந்த ரணகள்ளியின் இலையை எங்கள் பக்கத்தில் சிறுநீரகக் கல்லுக்கு மென்று தின்கிறார்கள். சோற்றுக் கற்றாழையை மோரில் கலந்து குடிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டு மருந்தாக இருந்துவரும் செடிகளை, வெளிநாட்டுப் பட்டியல் ஒன்றைப் பார்த்து நஞ்சு என்று வீட்டை விட்டு வெளியேற்றச் சொல்வது பொருத்தமாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் கற்றாழை எந்நாளும் இருந்தது, நாயும் எந்நாளும் இருந்தது. ஒன்றும் நேரவில்லை.


சித்தூர் கால்நடை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன்.

சோற்றுக் கற்றாழையை நம் வீடுகளில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மடலைச் சீவி நிமிர்த்தி வைத்து, மஞ்சள் நிறக் கசப்பு நீர் வடியும்வரை காத்திருந்து, தோலை முழுவதும் நீக்கி, உள்ளே இருக்கும் சோற்றை ஏழு முறை கழுவிய பிறகே மோரில் போடுகிறோம். ஏழு முறை கழுவச் சொன்ன முன்னோருக்கு அந்த மஞ்சள் நீரின் இயல்பு நன்றாகத் தெரிந்திருந்தது. தோலுக்கு அடியில் ஓடும் அந்த நீரில்தான் அலோயின் முதலிய பேதிப் பொருள்கள் இருக்கின்றன. நாய் தோலைச் சீவுவதில்லை, கழுவுவதில்லை. மடலைத் தோலோடு கடிக்கிறது. அதனால் வாந்தியும் பேதியும் சோர்வும் வருகின்றன. வளர்ந்த நாய் அந்தக் கசப்பை ஒரு முறை கண்டால் பிறகு அண்டாது, உங்கள் முற்றத்தில் ஒன்றும் நேராததற்கு அது காரணமாக இருக்கலாம். பல் முளைக்கும் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அளவையும் பார்க்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள மனிதர் ஒரு ரணகள்ளி இலையைத் தின்பதும், 6 கிலோ எடையுள்ள குட்டி அதே இலையைத் தின்பதும் ஒன்றாகாது. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் குட்டி 10 மடங்கு தின்றதாகிறது. மனிதருக்கு மருந்து கொடுப்பவர் எத்தனை இலை, எத்தனை நாள் என்று வரம்பு சொல்லித்தான் கொடுக்கிறார். நாய்க்கு அந்த வரம்பைச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் செடிகளின் மருத்துவப் பயனை நான் மறுக்கவில்லை. மருந்தாகும் அளவுக்கு ஆற்றல் உள்ள செடியை மெல்லும் குட்டியின் வாய்க்கு எட்டும் உயரத்தில் வைக்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.

நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் கற்பூரவள்ளியையும், அதாவது கேரளத்துக்காரர்கள் பனிக்கூர்க்கை என்று சொல்லும் செடியையும், இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் சளிக்கு நாம் சாறெடுத்துக் கொடுக்கும் அதே இலையின் எண்ணெய்கள் நாய்க்கு வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும், சில வேளைகளில் இரத்தமும் கலந்து போகும். அதையும் தொட்டியில் உயரமாக வைத்தால் போதுமானது.


செங்கோட்டை வாசகர் எழுதியது:

ஏழு முறை கழுவுவதன் காரணத்தை இப்படி யோசித்ததில்லை. ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. ரணகள்ளியை மட்டும் வேலிக்கு வெளியே நட்டுக்கொள்கிறேன், மருந்துக்கு அது எங்களுக்குத் தேவைப்படுகிறது.


பொள்ளாச்சி நாற்றங்கால் எழுதியது:

இலைகளைப் பற்றிப் பேசும் எவரும் தொட்டியில் இருக்கும் மண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. என் தொழிலில் இருந்து பார்க்கும்போது, நாய் வளர்க்கும் வீட்டில் செடியைவிட மண் கலவைதான் எனக்கு அதிகக் கவலையைத் தருகிறது.

சதைப்பற்றுச் செடிகளுக்கான கலவையில் மணல், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றோடு ஊட்டத்துக்காக எலும்புத்தூளையும் ஆமணக்குப் பிண்ணாக்கையும் சேர்ப்பது வழக்கம். இந்த இரண்டின் வாசனையும் நாய்க்குத் தீனியின் வாசனை. செடியைத் தொடாத நாய்கூடத் தொட்டியைக் கவிழ்த்து மண்ணைத் தோண்டித் தின்னும். ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் என்ற கொடிய நஞ்சு எண்ணெயில் வராது, பிழிந்தபின் மிஞ்சும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடுபடுத்தினால் அதன் வீரியம் போகும். ஆனால் சந்தையில் வாங்கும் மூட்டை சூடுபடுத்தப்பட்டதா என்று பார்த்து அறிய வழியில்லை. அதைத் தின்ற நாய்கள் இறந்திருக்கின்றன. எலும்புத்தூளில் ரிசின் போன்ற நஞ்சு இல்லை என்றாலும், மிகுதியாகத் தின்றால் வயிற்றில் கட்டியாக இறுகி அடைத்துக்கொள்ளும்.

மாவுப்பூச்சிக்காகத் தொட்டி மண்ணில் குருணை மருந்து தூவுவோரும் உண்டு. கேரள அரசு கார்போஃபியூரான் உள்ளிட்ட சில பூச்சிக்கொல்லிகளை 2011-இல் தடை செய்தது. ஆனாலும் எல்லைக்கு இப்பாலிருந்து அப்பால் போகும் தொட்டியில் என்ன தூவியிருக்கிறது என்று வாளையாறு சோதனைச் சாவடியில் யாரும் பார்ப்பதில்லை. பரிசாக வந்த தொட்டி என்றால் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. நத்தைக்காக வைக்கும் மெட்டால்டிஹைடு வில்லைகளும் நாய்க்கு வலிப்பை உண்டாக்கக் கூடியவை. மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தைத் தொல்லையால் அவற்றை வாங்குவோர் கூடியிருக்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. எந்தத் தொட்டி பரிசாக வந்தாலும், செடி தீங்கற்றது என்று உறுதியானாலும், பழைய மண்ணை வேரிலிருந்து உதிர்த்துவிட்டு மண்புழு உரமும் மணலும் மட்டும் கலந்த புது மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். சதைப்பற்றுச் செடிகள் இதைத் தாங்கும். வேரை இரண்டொரு நாள் நிழலில் உலரவிட்டு நட்டால் அழுகாது. நாய் வளர்க்கும் வீடு என்று முன்கூட்டியே சொன்னால் நாங்களே பிண்ணாக்கு கலக்காமல் தருகிறோம், மற்ற நாற்றங்கால்களிலும் கேட்டால் தருவார்கள்.


சித்தூர் கால்நடை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

நண்பர் எழுதியதை ஒரு சொல்கூட விடாமல் ஏற்கிறேன். ஆமணக்கின் நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. அறிகுறிகள் அன்றே தெரியாமல் மறுநாளும் தெரியலாம் என்பதால், தின்றது உறுதியானால் குட்டி துள்ளி விளையாடுகிறதே என்று காத்திருக்கக் கூடாது.


கொழிஞ்சாம்பாறை மாடித்தோட்டம் எழுதியது:

இத்தனை விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. அந்தப் பூத்தொட்டி நீங்கள் விவரித்த கலஞ்சோவேதான். இலையின் விளிம்பில் அலை வெட்டு இருக்கிறது, பூவுக்கு நான்கு இதழ்கள். நாய், பூனை இல்லாத என் தங்கை வீட்டுக்கு அதைக் கொடுத்து அனுப்பிவிட்டேன், காரணத்தையும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். எங்கள் பஞ்சாயத்து மிருகாஸ்பத்திரி மாலைக்கு மேல் இருக்காது. இரவில் குட்டி எதையாவது தின்றுவிட்டால் நாங்கள் வீட்டில் என்ன செய்யலாம்? உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார்.


சித்தூர் கால்நடை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

உப்புக் கரைசல் கொடுக்கவே கூடாது. வாந்தி வராமல் உப்பு உள்ளே தங்கிவிட்டால் இரத்தத்தில் சோடியம் உயர்ந்து, மூளை பாதிக்கப்பட்டு வலிப்பு வரும். தின்ற செடி கொல்லாத குட்டியை உப்பு கொன்றுவிடக் கூடும். கள்ளிப் பால் உள்ளே போயிருந்தால் எந்த வழியிலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, இறங்கும்போது புண்ணாக்கிய பால் ஏறும்போது மீண்டும் புண்ணாக்கும். எண்ணெயை வாயில் ஊற்றுவதும் வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்விடும். பால் நஞ்சை முறிக்கும் என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கலஞ்சோ, அரளி, ஆமணக்கு எதன் நஞ்சையும் பால் முறிப்பதில்லை. அடுப்புக் கரியை அரைத்துக் கொடுப்பதும், மருத்துவர் கொடுக்கும் பதப்படுத்திய கரியும் ஒன்றல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது வாயில் இருக்கும் துண்டுகளை விரலால் எடுத்துவிட்டு, ஈரத் துணியால் வாயைத் துடைத்து, குடிக்க விரும்பினால் தண்ணீர் வைப்பது. பிறகு செடியின் கிளை ஒன்றைப் பூவோடு ஒடித்து உறையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்திருந்தால் அதையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது தின்றது, ஏறத்தாழ எவ்வளவு தின்றது, குட்டியின் எடை என்ன என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். செடி எது என்று தெரியாததால் மருத்துவர் தயங்கி நிற்கும் நேரத்தை அந்தக் கிளை மிச்சப்படுத்தும்.

எங்கே போவது என்பதை அந்த இரவில் யோசிக்காமல் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். 1962 என்ற எண் இரு மாநிலங்களிலும் கால்நடை அவசர ஊர்திக்கானது, ஆனால் அது பெரும்பாலும் மாடு, ஆடுகளுக்காகச் சுற்றுவது, அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பாலக்காடு, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் மூன்றும் உங்களுக்கு எட்டும் தொலைவுதான். எந்த ஊரில் எந்த மருத்துவமனை இரவில் திறந்திருக்கிறது என்று பகலிலேயே தொலைபேசியில் கேட்டு, எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்க வேண்டும். இதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்க்கும் கருவி இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சிக்கல் பெரியதானால் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்த வழி முன்போல் நெரிசலாக இல்லை.

தின்றது தெரியாமல் இருந்து, குட்டி மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, எச்சில் நூலாக ஒழுகினாலோ, நிற்க முடியாமல் சாய்ந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.


கோம்பை மலையடிவாரம் எழுதியது:

மருத்துவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். பல் முளைக்கும் குட்டிக்குக் கடிப்பதற்கென்று ஏதாவது எப்போதும் கிடைக்க வேண்டும். நாங்கள் பழைய பருத்தித் துணியை முறுக்கி முடிச்சுப் போட்டு, நனைத்துக் குளிரவைத்துக் கொடுப்போம். ஈறு வலி தணிவதால் அதையே கவ்விக்கொண்டு கிடக்கும். முடிச்சு அவிழ்ந்து நூல் பிரியத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும், நூலை விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும்.


கொழிஞ்சாம்பாறை மாடித்தோட்டம் எழுதியது:

துணி முடிச்சு இன்றே செய்து கொடுத்தேன் ஐயா, பிடித்துக்கொண்டது. ஜேட் செடியை மண் மாற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டோம். மாடிப்படிக்குக் கதவு இருப்பதால் குட்டி அங்கே ஏறாது. கற்றாழையும் அதோடு போய்விட்டது. வாசலுக்கு உட்புறம் வெறுமையாக இருக்கிறது. அங்கே தரையில் வைக்கத் தகுந்த, குட்டி கடித்தாலும் தீங்கில்லாத செடி எது என்று நாற்றங்கால் ஐயா சொன்னால் அடுத்த சந்தை நாளில் பொள்ளாச்சிக்கு வரும்போது வாங்கிக்கொள்வேன்.


பொள்ளாச்சி நாற்றங்கால் எழுதியது:

வாசலுக்கு உட்புறம் நேர் வெயில் குறைவாக இருக்கும் என்பதால் ஹாவொர்த்தியாவே நன்றாக வரும். வெளிச்சம் மட்டும் போதும், வாரத்துக்கு ஒரு முறை மண் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து நீர் விட்டால் போதுமானது. எச்சிவேரியாவுக்கு வெயில் வேண்டும், நிழலில் நீண்டு வெளிறிப்போகும். ஆனால் உங்கள் பக்கத்தில் மழை குறைவு, அதனால் மாடியில் அது அழுகாமல் நிற்கும். ஜேட் போன்ற தோற்றமே வேண்டும் என்றால் நான் முதலில் சொன்ன சிறு இலை போர்ட்டுலகேரியாவைத் தருகிறேன். மூன்றையும் பிண்ணாக்கு இல்லாத மண்ணில் மாற்றி எடுத்து வைக்கிறேன் அம்மா.


சித்தூர் கால்நடை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

ஹாவொர்த்தியா நல்ல தேர்வு. குட்டி அதைக் கடித்தால் செடிக்குத்தான் சேதம். ஆனால் கடையில் அழகுக்காகத் தொட்டியின் மேல் பரப்பித் தரும் வெள்ளைக் கூழாங்கற்களை எடுத்துவிட்டு வாங்குங்கள். லாப்ரடார் இரத்தம் உள்ள குட்டிகள் கல்லை விழுங்குவதில் பேர்போனவை. குடலில் அடைத்துக்கொண்ட கல்லை அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். கல்லுக்குப் பதிலாகக் கைப்பிடி அளவு பெரிய ஓட்டுத் துண்டுகளை மண்ணின் மேல் பதித்து வைத்தால் குட்டி தோண்டவும் முடியாது, விழுங்கவும் முடியாது.